கிரியாட்டினின் ஏறும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்குக் கிட்னி மாற்றி ஆறு வருடம் ஆகிறது. கொடுத்தது அம்மா. வலது அடிவயிற்றில் கை வைத்தால் அது இருக்கும் இடம் தட்டுப்படும். இன்றும் நான் செக்கப் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிடுவார்: "கிரியாட்டினின் எவ்வளவுடா?" கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு அது; கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும்.

இரண்டு வருடம் முன்பு அது 1.3-லிருந்து 1.7 ஆனது. தண்ணீர் குறைவாகக் குடித்ததாலும் ஏறும், நிராகரிப்பைத் தடுக்க நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரை அளவு கூடினாலும் ஏறும், நிராகரிப்பாகவும், அதாவது உடம்பே புதுக் கிட்னியைத் தாக்குவதாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். கிட்னியில் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தார்கள். ஊசி போட்ட இடத்தில் கட்டோடு, அசையாமல் ஆறு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். நிராகரிப்புதான். மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றியதும் 1.5-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பழைய 1.3 திரும்ப வரவே இல்லை. நிராகரிப்பால் கிரியாட்டினின் ஏறும்போது கிட்னியில் சேதம் பெரும்பாலும் ஏற்கெனவே நடந்திருக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இதை முன்கூட்டியே காட்டக்கூடிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. செல்கள் சாகும்போது டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். மாற்றிய கிட்னியிலிருந்து வருவது கொடுத்தவருடைய டிஎன்ஏ. என் ரத்தத்தில் அம்மாவுடையது எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுவிடலாம்! கிட்னி நன்றாக இருந்தால் பொதுவாக 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். உடம்பு அதைத் தாக்கினால், குறிப்பாக ஆன்டிபாடியால் (உடம்பின் எதிர்ப்புப் புரதத்தால்) வரும் நிராகரிப்பில், கிரியாட்டினின் அசையும் முன்பே இது ஏறலாம். அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு 2017-லேயே இதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

பயாப்ஸியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லேசான நிராகரிப்பு சில சமயம் இதில் தப்பிவிடும். கிட்னியில் வைரஸ் தொற்று வந்தாலும் அளவு ஏறும். ஆனால் யாருக்கு, எப்போது பயாப்ஸி தேவை என்று முடிவெடுக்க டாக்டருக்குப் பெரிய உதவி.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர 2008-லேயே திட்டம் வகுத்த மாநிலம் நம்முடையது. முதலமைச்சர் காப்பீட்டில் கிட்னி மாற்ற முடிகிறது. சரி, மாற்றிய கிட்னியைக் காப்பாற்றும் பரிசோதனையும் அதே காப்பீட்டில் கிடைக்க வேண்டும். இரண்டாவது முறை மாற்றியவர்கள், மாற்றிய கிட்னிக்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்கள் ஆகியோருக்காவது முதலில் தொடங்கலாம். சென்னையில் ஓர் அரசு ஆய்வகத்தில் வசதி செய்தால் போதும். இதற்கென்றே உள்ள குழாயில் எடுத்த ரத்தம் சில நாள் கெடாது. மாவட்ட மருத்துவமனையில் எடுத்து அனுப்பிவிடலாம், நோயாளி பஸ் ஏற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.