முதலில் எங்களுக்கு வாய் திறக்கப் பழக்குங்கள்

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். கொழும்பில் தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 5 படிப்பிக்கிறேன். பாலியல் கல்வி என்று பேச்சு எடுத்தாலே புத்தகத்தைப் பற்றித்தான் சண்டை, எதைப் போடுவது, எதை எடுப்பது, எந்த வகுப்பில் வைப்பது என்று. அந்தப் புத்தகத்தோடு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப்போகிற டீச்சரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை இடைவேளை மணி அடித்தும் கதிரையை விட்டு எழும்பவில்லை. கிட்டப் போனபோதுதான் வெள்ளைச் சட்டையில் இரத்தம் தெரிந்தது. "டீச்சர், நான் செத்துப்போவேனா?" என்று கேட்டாள். பத்து வயது. "ஒன்றுமில்லை, அம்மா வந்து சொல்லுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாய்க்கு கோல் எடுத்தேன். பிறகு சாமத்தியச் சடங்குக்கு எனக்கும் அழைப்பு வந்தது. ஊரையே கூப்பிட்டுக் கொண்டாடுகிற விஷயத்தை அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாதவிடாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் முடியவில்லை. பயிற்சிக் காலத்தில் சிறுவர் உளவியல் படித்தோம், குறிப்பு எழுதினோம், பரீட்சையும் எழுதினோம், ஆனால் இந்தச் சொற்களை ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிப் பார்க்க யாரும் வைக்கவில்லை. ஆண்குறி, பெண்குறி என்று எழுத இப்போதும் என் கை தயங்குகிறது. கண், மூக்கு, முழங்கால் என்று சுற்றாடல் பாடத்தில் படம் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்து, அங்கே வந்ததும் தாண்டிப் போய்விடுகிறோம், அல்லது "அந்த இடம்" என்கிறோம். இதையெல்லாம் டீச்சரிடம் பேசக்கூடாது என்று பிள்ளை அப்போதே விளங்கிக்கொள்கிறது. நாளைக்கு யாராவது அங்கே கை வைத்தால் எந்தச் சொல்லை வைத்து வந்து சொல்லும்? பெடியன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

யுனெஸ்கோ 2018 இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டலில் 5 முதல் 8 வயது வரையான பிள்ளைகளுக்கே உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள், தன் உடம்பை யார் தொடலாம் என்று சொல்லும் உரிமை, நம்பிப் பேசக்கூடிய பெரியவர் யார் என்பவையெல்லாம் இருக்கின்றன. அப்படியென்றால் இது தரம் 1, 2 டீச்சர்மாரின் வேலையும்தான்.

அதனால் கேட்கிறேன், மண்டபத்தில் இருநூறு பேரை இருத்தி ஒரு நாள் ஸ்லைட் காட்டி அனுப்பாதீர்கள். எட்டு, பத்துப் பேராகக் கூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள், கூச்சம் போகும் வரைக்கும். "பாப்பா எப்படி வயிற்றுக்குள்ளே போனது?" என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்கும், பதிலைச் சொல்லிப் பழக்குங்கள். தனக்கு நடந்ததை ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேட்பது, துருவித் துருவி விசாரிக்காமல் இருப்பது, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு அழைப்பது, இதெல்லாம் சுற்றறிக்கை வாசித்து வருகிற பழக்கமா? நடித்துப் பார்த்தால்தான் வரும். பெற்றோர் கூட்டத்தில் கோபத்தோடு எழும்பும் ஒரு தகப்பனுக்கு மரியாதையாகப் பதில் சொல்வதையும் அப்படியே பழக்குங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள், இந்தப் பேச்சு அவர்களுக்குத் தினசரி வேலை.

அப்புறம், எங்களுக்குத் தமிழிலேயே நடத்துங்கள். சிங்களத்தில் நடக்கும் செயலமர்வுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைப்பது வேறு எதற்கும் சரி, இதற்குச் சரிவராது. எங்கள் தடங்கலே சொல்லில்தான் இருக்கிறது.

முதல் குழுவுக்குப் பெயர் எடுக்கும்போது என்னையும் சேருங்கள். சனிக்கிழமை என்றாலும் வருவேன்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை