பழைய மடிக்கணினியை எடைக்குப் போடும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நம் பள்ளி மாணவி ஒருத்தியின் அம்மா மஞ்சள் பையில் ஒரு மடிக்கணினியோடு வந்தார். மூத்த மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. "ஆன் பண்ணிட்டுப் போய் சோறு வடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு சார். எடைக்குப் போட்டுடலாமா?" என்றார்.

கணினி ஆசிரியர் ஒரு பென் டிரைவைச் செருகி, எஃப்12 விசையைத் தட்டினார் (சில கணினிகளில் வேறு விசை). அதிலிருந்த லினக்ஸ் மின்ட் திரைக்கு வந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள் அது. உள்ளே இருந்த எதையும் தொடவில்லை, எல்லாம் பென் டிரைவிலிருந்தே ஓடியது. வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அந்த அம்மாவே பார்த்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் நிறுவினோம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு (வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காகக் கள்ளப் பிரதி போட்டுத் தரும் கடையைத் தேட வேண்டாம். அதோடு என்னென்ன வந்து சேரும் என்று நமக்குத் தெரியாது.

லினக்ஸில் வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் அலசினால் கோடை விடுமுறையே போய்விடும். என்னைக் கேட்டால் மின்ட் போதும். கீழே இடது மூலையில் மெனு இருப்பதால் விண்டோஸ் பழகிய கை தடுமாறாது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 2 ஜிபிதான் என்றால் அதைவிட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. காசு எதுவும் கிடையாது.

மின்ட்டுக்கு அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் வருவதும் அதே உபுண்டுதான். ஓப்பன் ஆஃபிஸ் பாடங்களை இதிலுள்ள, கிட்டத்தட்ட அதே போன்ற லிப்ரே ஆஃபிஸில் செய்து பழகலாம். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம். வீட்டில் யாராவது அதே கணினியில் டேலி கணக்கு எழுதினால் விண்டோஸை எடுக்காதீர்கள். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. பிழைப்பில் விளையாட வேண்டாம்.

அப்புறம், நிறுவும்போது 'வட்டை அழி' என்று ஒரு தெரிவு வரும். ஆறு வருடம் முன்பு என் வீட்டில் அதைப் படிக்காமல் நானே அழுத்தினேன். மகளின் கல்யாணப் படங்கள் போயே போச்சு. இன்றுவரை வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். படம், சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறொரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் கணினி ஆய்வகம் திறந்திருக்கும். வேண்டியவர்கள் கணினியை எடுத்து வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பழைய பேட்டரியை நம்பிப் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்