தண்ணீரில் கண்டம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கரையில் நிறுத்தாதீர்கள்

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலவையினருக்கு வணக்கம்.

மாணவர் சுற்றுலாவுக்குப் பேருந்து பேசும் வேலையை நீங்கள் சீக்கிரமே தொடங்கிவிடுவீர்கள். அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். கெந்திங், கேமரன் மலை, மலாக்கா, சன்வே லகூன் என்று நாம் சுற்றிச் சுற்றிப் போகிற இடங்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். கற்றவர்களை அங்கே அழைத்துப் போய், பயிற்றுநர்களின் கண்பார்வையில் அலைச்சறுக்கு, அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கி வருவதை, பழகவிடுங்கள். கேட்கிறது இவ்வளவுதான்.

இதற்கு என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பள்ளியின் கூட்டத்தில் இதைப் பேசிப் பார்த்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். “பிள்ளைக்கு ஒன்னு கிடக்க ஒன்னு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?” என்று ஒருவர் கேட்டார். மகனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் இருப்பதாக ஒரு தாயார் சொன்னார். பெண் பிள்ளைகள் வெயிலில் கறுத்துப்போய்விடுவார்கள் என்று இன்னொருவர். அத்தோடு பேச்சு சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் போய்விட்டது.

முதல் கேள்வி நியாயமானது. பிறர் பிள்ளையைப் பொறுப்பெடுத்து அழைத்துப் போகிறவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை நாம் வேறோர் இடத்திலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உலு யாம் பக்கமோ, கஞ்சிங் நீர்வீழ்ச்சிப் பக்கமோ, உலு லங்காட் ஆற்றுப் பக்கமோ போய்ப் பாருங்கள். பாய் விரித்து, அடுப்பு மூட்டி, கோழி வாட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்களில் பாதி நம் குடும்பங்கள். பெரியவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் ஆற்றில் இருக்கிறார்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியுமாக வரும். கொஞ்ச நேரத்தில் கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம் வந்துவிடும். நிறம் மாறினதுமே கரையேற வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மீன் பிடிக்கப் போகிற பையனுக்கு, இரண்டு எட்டு வைத்ததும் தரை செங்குத்தாக இறங்கிவிடும் என்று யார் சொன்னார்கள்? நம் பிள்ளைகள் ஏற்கெனவே தண்ணீரில்தான் இருக்கிறார்கள். எதுவும் தெரியாமல் இருக்கிறார்கள்.

நீரில் மூழ்கிய செய்திகள் நம் நாளிதழ்களில் எப்படி வருகின்றன என்று கவனித்திருப்பீர்கள். பல சமயம் ஒரு பெயரோடு நிற்பதில்லை. தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணன், மகளைத் தூக்கப் போன அப்பா என்று இரண்டாவது பெயரும் இருக்கும். நீந்தத் தெரியாதவர் பாசத்தால் குதித்துவிடுகிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் ஆபத்தில்லாமல் பிறரைக் காப்பாற்றும் முறையும் கற்றுத்தர வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபை 2021இல் நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கென்றே ஜூலை 25ஆம் நாளை ஒதுக்கியது. நம் பள்ளிகளில் எத்தனையோ நாள்களைக் கொண்டாடுகிறோம். இந்த நாளை ஒரு சபைகூடலில் சொல்லிக்கூடக் கேட்டதில்லை.

கண்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஜோசியத்தைப் பழிக்க வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குத் தண்ணீரில் ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால், வகுப்பிலேயே முதலில் நீச்சல் கற்க வேண்டியது அந்தப் பிள்ளைதான். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் அவனை வைத்துக்கொள்ள முடியாது. கோலாலம்பூரில் ஒரு மாலை மழைக்குச் சாலையே ஆறாகிறது.

சரி, நீச்சல் என்றால் குளம் போதுமே, அலைச்சறுக்கு எதற்கு என்று கேட்கலாம். குளத்துத் தண்ணீர் நகராது. கடலும் ஆறும் நகரும். நகரும் தண்ணீரைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும். அடியில் பாறை இல்லாத, கூட்டம் இல்லாத, மணல் தரையுள்ள கரைதான் அதற்குத் தோதான இடம். நாம் வழக்கமாகப் போகிற போர்ட்டிக்சன் மலாக்கா நீரிணையில் இருக்கிறது. சுமத்ரா தீவு குறுக்கே படுத்திருப்பதால் இந்தியப் பெருங்கடலின் அலை அந்தக் கரைக்கு வந்து சேர்வதில்லை. கிழக்குக் கரை அப்படியில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் நீளமெல்லாம் ஊதி எழுப்புகிற அலை, செராத்திங், குவாந்தான் பக்கத்துத் தெலுக் செம்பெடாக், கோலத் திரங்கானுவின் பத்து புரோக் கரைகளில் வந்து உடைகிறது. அலை உடைகிற ஆழத்துக்கு ஒரு கணக்கு உண்டு: அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழம் வரும்போது அது கவிழும். இரண்டடி அலை இரண்டரை அடித் தண்ணீரில் உடையும். அதாவது ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் இடுப்பளவுகூட வராது. பழகுகிறவர்கள் அந்த இடத்தில், உடைந்த வெள்ளை நுரையில் நின்றுதான் பழகுகிறார்கள். ஆழத்துக்கு யாரும் கூட்டிப்போவதில்லை.

என் அக்கா மகளைப் பதினோரு வயதில் செராத்திங்குக்கு அழைத்துப் போனபோது, அவளோடு இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். பயிற்றுநர் அந்தக் கம்பத்து மலாய் இளைஞர், கடலில் வளர்ந்தவர். பலகையைக் கையில் கொடுக்குமுன் எல்லாரையும் மணலில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கடலைப் பாருங்கள், எந்த இடத்தில் இறங்கினால் பத்திரம் என்று சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் மட்டும் நுரையே இல்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில், அமைதியாக ஒரு இடைவெளி இருந்தது. நானும் அதைத்தான் காட்டியிருப்பேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு தேங்காய் மட்டையை எடுத்து, நடந்து போய், அந்த இடத்தில் வீசினார். மட்டை கரைக்கு வரவில்லை. மெல்ல, ஆனால் நிற்காமல், கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அதுதான் இழுப்பு நீரோட்டம். மணல் திட்டுகளின் மேல் உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். திட்டுகளுக்கு நடுவில் பள்ளம் இருந்தால் அதன் வழியாகச் சேர்ந்து ஓடும். பள்ளம் ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது. அதனால் பார்க்க அமைதியாக இருக்கும். மணல் நகர்வதால் இன்று இருந்த பள்ளம் அடுத்த வாரம் வேறு இடத்துக்குப் போயிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கை ஓய்ந்துதான் ஆள் மூழ்குகிறார். பதறாமல் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை சேர வேண்டும். இதை நாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளை மறந்துவிடும். தேங்காய் மட்டை போனதைப் பார்த்த பிள்ளை மறக்காது. அந்த ஒரு பாடத்துக்காகவே பேருந்து வாடகை கொடுக்கலாம் என்பேன்.

அப்புறம்தான் பலகை. பழகுகிறவர்களுக்கு மேலே நுரைப்பஞ்சு வைத்த, எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற பலகை தருகிறார்கள். மோதினாலும் பெரிய காயம் ஆகாது. கணுக்காலில் கயிறு கட்டிவிடுவார்கள், பலகை கைவிட்டுப் போகாது. பயிற்றுநர் மணலில் விரலால் பலகை வடிவம் வரைந்து, அதன் மேல் படுத்து, விலாவோரம் கை ஊன்றி எழுந்து நிற்கப் பழக்கினார். விழும்போது தலைகுப்புற விழாமல் தட்டையாக விழ வேண்டும், மேலே வரும்போது தலையைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும், அலைக்கும் நமக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைக்கக் கூடாது. இவையெல்லாம் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்பே. பிறகு “டாயுங்! டாயுங்!” என்று அவர் கத்த, அக்கா மகள் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, எழுந்து, விழுந்து, மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி, திரும்பவும் படுத்தாள். வகுப்பில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்காத பிள்ளை அவள். நின்றபடி கரை வரைக்கும் வந்த அந்த அலைக்கு அவள் போட்ட சத்தம் சாலைப் பக்கம் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

கறுத்துப்போவார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். முழுக்கைச் சட்டையும் முழுநீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, களிம்பு தடவி, காலையில் இறங்கிப் பதினோரு மணிக்குள் ஏறிவிடலாம். ஆனால் இதை நான் வழிமுறைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. நிறத்துக்குப் பயந்து ஒரு பெண்ணுக்கு உயிர் காக்கும் வித்தையை மறுப்பதை எந்தப் பள்ளிச் சங்கமும் ஒத்துக்கொள்ளக் கூடாது. இலங்கையில் அறுகம்குடாவில் 2018இல் உள்ளூர்ப் பெண்களே சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் குழு அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் பேர் வாங்கியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு. நம்மவர்களுக்கு இது அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நம் மேடைகளில் இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய கதையைப் பேசாத ஆண்டில்லை. நம் தாத்தா பாட்டிமாரில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். தெலுக் பஹாங்கில் மாசிமகத்துக்கு அம்மனையே கடலில் தெப்பம் விட்டு வணங்குகிறோம். கடலைப் பெருமையாகவும் தெய்வமாகவும் வைத்திருக்கிற நாம், பிள்ளைகளை மட்டும் அதனிடமிருந்து தள்ளி நிறுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனி நடைமுறை. ஆண்டு இறுதிச் சுற்றுலாவில் இதை வைக்காதீர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் கிழக்குக் கரையில் மழையும் வெள்ளமும் உச்சத்தில் இருக்கும், அலை பெரியவர்களையே புரட்டும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும். சிவப்புக் கொடி என்றால் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. பேருந்து போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பி வரத் தயாராக இருக்க வேண்டும். தைப்பூசம் முடிந்து, பருவக்காற்று தணியத் தொடங்குகிற மார்ச் வாக்கில் முழங்கால், இடுப்பு உயர அலைதான் பெரும்பாலும் வரும். அதுவே பிள்ளைகளுக்கு ஏற்றது.

அதற்கு முந்தைய மாதங்களில் நீச்சல் வகுப்பு முடிந்திருக்க வேண்டும். புக்கிட் ஜாலில் தேசிய நீர் விளையாட்டு மையம் இருக்கிறது, நகரில் பொதுக் குளங்கள் இருக்கின்றன. 25 மீட்டர் நிற்காமல் நீந்தவும், மல்லாந்து மிதக்கவும் தெரிந்த பிள்ளையை மட்டும் அலையில் இறக்கலாம். மற்றவர்கள் கரையில் இருந்தபடி இழுப்பைப் பார்க்கப் பழகட்டும். அதுவும் வீண் இல்லை. ஒரு பயிற்றுநருக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்வி இலாகா அனுமதி, பெற்றோர் கையெழுத்து, காப்புறுதி எல்லாம் முறைப்படி நடக்கட்டும். தீயணைப்பு மீட்புத் துறையினரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு காலைப்பொழுது பேசச் சொல்லுங்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போய்விட்டது, ஆகவே ஆறாம் ஆண்டுக்கு நேரமில்லை என்ற காரணமும் இப்போது இல்லை. அங்கேயே ஆமைக் காப்பகம் இருக்கிறது, இரவில் ஆற்றோரம் மின்மினி பார்க்கலாம். அறிவியல் ஆசிரியர்களுக்கும் அதில் வேலை உண்டு.

பணம் ஒரு தடை என்பதை அறிவேன். சிறிய பள்ளிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரு பேருந்து எடுக்கலாம். பொழுதுபோக்குப் பூங்கா நுழைவுச்சீட்டுக்குச் செலவாகிற பணத்தை நீச்சல் வகுப்புக்குத் திருப்பலாம். ஆலய நிர்வாகங்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்கலாம். விளையாட்டுச் சட்டைக்கும் பரிசுக் கோப்பைக்கும் தருகிறவர்கள் இதற்குத் தர மாட்டார்களா என்ன?

உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் “நீச்சல் வகுப்பும் செராத்திங் பயணமும்” என்று ஒரு வரி சேருங்கள். கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். ஒப்புதல் படிவம் எழுதித் தருகிறேன், செராத்திங் பயிற்றுநர்களிடம் பேசி விலை கேட்டுச் சொல்கிறேன். கரையில் நின்று தலை எண்ண ஆள் வேண்டுமென்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் உங்களோடு ஏறுகிறேன்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு பெற்றோர்