அது சோம்பல் இல்லை மக்கா

குலசேகரம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. கடலில் தடைக்காலம் வேறு; சாளை மீனைக்கூட விலை கேட்டுவிட்டு நடந்துவிடுகிறோம். ஊர்ச் சேதி இவ்வளவுதான். உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

காலேஜில் பாடம் நடக்கும்போதே தூங்கி விழுகிறான் என்று எழுதியிருக்கிறாய். நீ செல்போனைத் திட்டுகிறாய், அம்மா கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறாள். அதெல்லாம் இருக்கட்டும். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறான், ஆனால் நினைவு தப்புவதில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நார்கோலெப்சி என்று ஒரு நோய் உண்டு, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளும்; அதில் அப்படி வரும்.

விலங்கியல் நடத்திய வாய் சும்மா இருக்காது, பொறுத்துக்கொள். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி, பசியையும் தூக்கத்தையும் கவனிப்பது. அதன் பக்கவாட்டில் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டும் ஒரெக்சின் என்ற நியூரோபெப்டைடை, அதாவது நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் சின்னப் புரதத் துண்டை, சுரக்கின்றன. 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. ஒரு குழு வைத்த பெயர் ஹைபோகிரெட்டின். எலியின் மூளைக்குள் செலுத்தினால் கூடுதலாகத் தின்றது. ஆகவே பசிப் பொருள் என்றுதான் முதலில் எண்ணினார்கள். அடுத்த வருஷமே கதை மாறியது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பரம்பரையாக நார்கோலெப்சி உள்ள டாபர்மேன் நாய்கள் இருந்தன. தீனியைக் கண்ட குஷியிலேயே கால் மடங்கி விழும். ஒரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு அவற்றில் பழுதாகியிருந்தது. 2000-இல், இந்த நோயோடு இறந்த மனிதர்களின் மூளையைப் பார்த்தபோது ஒரெக்சின் சுரக்கும் அணுக்களே பெரும்பாலும் அழிந்துபோயிருந்தன. ஆக, விழிப்பைத் தாங்கிப் பிடிப்பதும் ஒரெக்சின்தான் என்று தெரிந்தது.

பசிக்கும் விழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்பாய். வயிறு காய்ந்த மிருகம் தூங்கிக்கொண்டிருந்தால் இரை கிடைக்குமா? ரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கினால் இந்த அணுக்கள் முடுக்கம் பெறும். காலி வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற ஹார்மோன் அவற்றைத் தூண்டும், கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் அடக்கும். அவை நீட்டும் இழைகள் நோரட்ரெனலின், ஹிஸ்டமின் என்ற ரசாயனங்களைச் சுரந்து விழிப்பைக் காக்கும் மூளை மையங்களுக்கும் போகின்றன. ‘எழுந்து போய்த் தேடு’ என்று உந்தும் டோபமின் அணுக்களுக்கும் போகின்றன. தட்டில் இருப்பதைத் தின்ன வைக்கும் வேலையைப் பெரும்பாலும் என்.பி.ஒய்., ஏ.ஜி.ஆர்.பி. என்ற வேறு பெப்டைடுகள் பார்த்துக்கொள்ளும். ஒரெக்சின் ஆளை எழுப்பி, தேடப் போகச் செய்வது. எனக்குப் பிடித்த விசித்திரம் இன்னொன்று உண்டு: பசியைத் தூண்டும் பொருளை இழந்தவர்கள் மெலிய வேண்டுமே, இந்த நோயாளிகள் பலருக்கு எடை கூடுகிறது. உன் மகனும் பெருத்துவிட்டான் என்றாயே, சோற்றை மட்டும் குறை சொல்லாதே.

நான் டாக்டர் இல்லை. நரம்பியல் நிபுணரிடம் கூட்டிப்போ. ராத்திரி முழுக்கத் தூக்கத்தைப் பதிவுசெய்வார்கள். மறுநாள் பகலில் இடைவெளி விட்டுவிட்டுத் தூங்கச் சொல்லி, கண் எவ்வளவு சீக்கிரம் சொருகுகிறது என்று பார்ப்பார்கள். முழுதாகக் குணமாகாது, ஆனால் பகல் தூக்கத்துக்கும் கால் தளர்வதற்கும் மருந்து இருக்கிறது. நடுவில் சின்னச் சின்னத் தூக்கமும் உதவும், அதற்குத் திட்டாதே. சிரிப்பில் கால் தளர்வதை டாக்டரிடம் முதலில் சொல். தூக்கத்தை மட்டும் சொன்னால் ரத்தசோகைக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். அதுவரை பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள். குளத்தில் தனியாக இறங்கவும் விடாதே.

ரிப்போர்ட் வந்ததும் போன் பண்ணு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்