103க்குப் பதில் 104

மக்கா,

உன் குரல் செய்தி வந்து நாலு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே அம்பையில் ஐப்பசி அடைமழை. பிசான நடவுக்குக் காத்திருந்தவனுக்கெல்லாம் சந்தோஷம், எனக்கு மட்டும் மச்சில் ஒழுகுகிறது. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, உன்னைத்தான் விசாரித்தாள்.

சரி, உன் மகள் கேட்டதற்கு வருகிறேன். ஏ.எம். அலையில், அதாவது குரலுக்குத் தக்கபடி உயரம் மாறுகிற ரேடியோ அலையில், குரலும் அதைச் சுமந்து வருகிற வேகமான கேரியரும் கலந்து வருகிறது, பில்டர் குரலை மட்டும் வடிகட்டித் தருகிறது, அவ்வளவுதானே என்கிறாள். நாமும் பாலிடெக்னிக்கில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினோம். ஆனால் அது சரியில்லை மக்கா. அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரைப் போன மாதம் பிரித்துப் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

நம்ம திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸையே எடுத்துக்கொள். அங்கே ஒருத்தர் மைக் முன்னால் 1 கிலோஹெர்ட்ஸில் விசில் அடிக்கிறார் என்று வை. நம் வீட்டுக்கு வந்து சேருவது கேரியரும், அதில் 1 கழித்ததும் கூட்டியதுமாக 1196, 1197, 1198 மூன்றும்தான். 1 என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. இல்லாததை எந்தப் பில்டர் வடிகட்டும்? அலை மேலேயும் கீழேயும் சமமாக ஆடுவதால் எந்த இடத்தில் சராசரி எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும், வேகமான ஆட்டத்தைத் தடுத்து மெதுவானதை மட்டும் விடுகிற லோ பாஸ் பில்டர் என்பது ஒரு வகையில் சராசரி எடுக்கிற சாமான்தானே, அதை மட்டும் வைத்தால் ஸ்பீக்கர் வாயே திறக்காது.

வேலையைச் செய்வது டையோடு, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சாமான். கீழ்ப்பாதியை வெட்டிவிடுகிறது. மேல்பாதி மட்டும் நின்றதும் சராசரி பூஜ்யமாக இருக்க முடியாது, குரல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். காணாமல் இருந்த அந்த 1 கிலோஹெர்ட்ஸ் இப்போதுதான் பிறக்கிறது. பில்டருக்கு வேலை அதற்கு அப்புறம்தான்.

இனி என் கூத்தைக் கேள். டையோடுக்குப் பின்னால் பில்டராக இருந்த கண்டென்சர், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வடிக்கிற சாமான், கால் துருப்பிடித்து ஒடிந்திருந்தது. 0.01 மைக்ரோஃபாரட், மேலே 103 என்று போட்டிருக்குமே, அதுதான். டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன், கண்ணாடி போடாமல். செட் பேசியது. ஆனால் செய்தி வாசிப்பவர் வாயில் பணியாரத்தை அடக்கிக்கொண்டு வாசிக்கிற மாதிரி, ச எல்லாம் மழுங்கி, ஒரே கொழகொழ. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு ரெண்டு நாள் வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் நான் போட்டது 104. கடைசி எண் எத்தனை பூஜ்யம் என்று சொல்வது, ஆகவே ஒரு பூஜ்யம் கூடுதல்.

பத்து மடங்கு பெரிசு என்றால் என்ன ஆகும் பார். கண்டென்சர் வடிகிற வழி வால்யூம் கண்ட்ரோல், அது 5 கிலோ ஓம். 103ஐப் போட்டால் கண்டென்சர் வடிய 50 மைக்ரோசெகண்ட் கணக்கு. எந்த நிலையமானாலும் செட் அதன் கேரியரை முதலிலேயே மாற்றிவிடுவதால், அந்த இடத்துக்கு வரும்போது அது 455 கிலோஹெர்ட்ஸாக இருக்கும், அதற்கு ஒரு சுற்று 2.2 மைக்ரோசெகண்ட்தான், ஆகவே ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவில் கண்டென்சர் கொஞ்சமாகத்தான் வடியும், கேரியரின் நடுக்கம் அடங்கிவிடும். அதே சமயம் குரலின் ஏற்ற இறக்கம் அதைவிட மெதுவானது என்பதால் அதன் பின்னாலேயே போய்விடும். 104 என்றால் 500 மைக்ரோசெகண்ட். குரல் சடாரென்று இறங்கும்போது கண்டென்சர் இறங்க மாட்டாமல் மேலேயே தொங்குகிறது, ஓட்டை அடைத்த வாளி மாதிரி. ச போன்ற வேகமான சத்தங்கள்தான் முதலில் செத்தன. ரொம்பச் சின்னதாகப் போட்டாலும் ஆகாது, கேரியரின் மிச்சம் ஆடியோவோடு சேர்ந்து உள்ளே போகும்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டையோடிலிருந்து வருகிற அதே வோல்ட்டேஜை வேறு ரெண்டு வழியாகவும் வடிக்கிறார்கள். குரலோடு ஒட்டிக்கொண்டு வருகிற, ஆடாமல் நிற்கிற டி.சி. வோல்ட்டேஜை ஒரு கப்ளிங் கண்டென்சர் தடுத்து, ஆட்டத்தை மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. இன்னொரு பக்கம் பெரிய கண்டென்சர் ஒன்று குரலையே அமுக்கிவிட்டு அந்த டி.சி.யை மட்டும் எடுத்து முன்னால் இருக்கிற டிரான்சிஸ்டருக்குத் திருப்பி அனுப்புகிறது, நிலையம் பலமாக வந்தால் கெயினை, அதாவது பெருக்குகிற அளவைக் குறைக்க. ஒருத்தனுக்குக் குப்பை, இன்னொருத்தனுக்குச் சாப்பாடு. பக்கத்து நிலையங்களை விலக்குவது இதற்கெல்லாம் முன்னால் இருக்கிற, 455 கிலோஹெர்ட்ஸுக்கு மட்டும் வழி விடுகிற ஐ.எஃப்.டி. சுருள் டப்பாக்களின் வேலை, அதை அவள் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்று ராத்திரி பொதிகைமலைப் பக்கம் மின்னல். ஒவ்வொரு வெட்டுக்கும் ரேடியோவில் படார் படார். அதற்கு ஒரு பில்டரும் உதவாது, குரல் இருக்கிற பட்டைக்குள்ளேயே வந்து அலையின் உயரத்தைத்தானே அது கலைக்கிறது. அம்மா எழுந்து வந்து, அதை அணைத்துத் தொலை, இடி வீட்டுக்குள்ளேயே விழுகிறது என்றாள்.

தைக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா? ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் ஓ.ஏ.79 டையோடு நாலு வாங்கிவா. ஜெர்மானியமாக இருக்க வேண்டும், கடைக்காரன் சிலிக்கானைத் தலையில் கட்டப் பார்ப்பான், அது 0.6 வோல்ட் கேட்கும், லேசான நிலையமெல்லாம் காணாமல் போய்விடும். அப்படியே 103 கண்டென்சர் பத்து. எழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்து வாங்கு.