ஓஹாயோவிலிருந்து அண்ணனுக்கு: பிடிக்காத ஆளுக்கு ஓட்டுப் போடுவது எப்படி

மேசன், ஓஹாயோ
21 செப்டம்பர் 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே. போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போதே காலிங் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. குடியரசுக் கட்சிக்காரர்களையும் அவர்களுடைய ஜனாதிபதி வேட்பாளர் மெக்கெய்னையும் பற்றிக் கடைசியாக நீங்கள் கேட்டது மட்டும் காதில் நிற்கிறது: "சொந்தக் கட்சி வேட்பாளருக்கே ஓட்டுப் போடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாங்களாமே, அது என்னடா கட்சி?" வட்டச் செயலாளராக இருக்கிற ஆளுக்கு இது விளங்காதுதான். கார்டில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஊரைப் பற்றி. நான் இருக்கும் வாரன் கவுண்டி குடியரசுக் கட்சியின் கோட்டை. போன தேர்தலில் பத்துக்கு ஏழு பேர் புஷ்ஷுக்குப் போட்டார்கள். ஆனால் ஓஹாயோ முழுவதையும் எடுத்தால் புஷ் ஜெயித்தது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில்தான். அது போயிருந்தால் எதிர்த்து நின்ற கெர்ரி ஜனாதிபதி. அதனால் எங்கள் தெருவில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம், இங்கே உறுப்பினர் அட்டை என்று ஒன்று கிடையாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் பிரைமரியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குகிறார்களோ, ஓஹாயோவில் அந்தக் கட்சிக்காரர், அவ்வளவுதான். மார்ச்சில் இங்கே பிரைமரி நடந்தபோது குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் போய் ஜனநாயகக் கட்சிச் சீட்டை வாங்கி ஹிலாரிக்குக் குத்திவிட்டு வந்தார்கள், ஒபாமாவோடு சண்டை நீளட்டும் என்று. ரேடியோவில் பேசும் ரஷ் லிம்பா கொடுத்த யோசனை. நம்ம ஊரில் யாராவது இப்படிச் செய்தால் அன்றைக்கே கட்சியைவிட்டு நீக்கி முரசறைந்திருப்பீர்கள்.

சரி, மெக்கெய்ன் மேல் என்ன கோபம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். புஷ்ஷின் வரிக்குறைப்பை 2001இல் எதிர்த்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி செனட்டர்கள் இரண்டே பேர், அதில் இவர் ஒருவர். 2003இலும் எதிர்த்தார். தேர்தல் நன்கொடைக்குக் கட்டுப்பாடு போடும் 2002 சட்டத்தில் எதிர்க்கட்சி செனட்டர் ஃபைன்கோல்டின் பெயரோடு இவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. புஷ் நியமித்த நீதிபதிகளை ஜனநாயகக் கட்சியினர் செனட்டில் தடுத்தபோது, விதியையே மாற்றி அந்தத் தடையை உடைத்துவிடலாம் என்று இவர்கள் கட்சி கிளம்பியது, இவரோ 2005இல் சமரசம் பேசிய பதினான்கு பேரில் போய் நின்றார். ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து கொண்டுவந்த குடியேற்ற மசோதா. ஆவணமில்லாமல் இங்கே இருக்கும் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சட்டப்படி தங்க வழி செய்யப் பார்த்தது அது. போன வருடம் செனட்டில் செத்துப்போனது, ஆனால் இவர்கள் மனதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதெல்லாம் போதாதென்று 2000இல் ஜனாதிபதி பிரைமரியில் நின்றபோது பாட் ராபர்ட்சன், ஜெர்ரி ஃபால்வெல் என்ற இரண்டு பெரிய மதபோதகர்களை சகிப்புத்தன்மை இல்லாதவர்களின் ஏஜெண்டுகள் என்றே பேசிவிட்டார். ஃபால்வெல்லின் பல்கலைக்கழகத்துக்கே 2006இல் போய் உரையாற்றிச் சமாதானம் ஆனார் என்றாலும் தேவாலயக்காரர்கள் அதை மறக்கவில்லை.

"இவ்வளவு பிடிக்காதவர் எப்படி வேட்பாளர் ஆனார்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது கதை. நம்ம ஊரில் தலைமை கூட்டணி பேசும், சீட்டுக் கொடுக்கும், தொண்டன் விழுங்கிக்கொண்டு சுவரெழுத்து எழுதப் போவான். பிடிக்கவில்லை என்றால் தலைமையைத் திட்டலாம். இங்கே அந்த வசதி இல்லை, தேர்ந்தெடுத்தது இவர்களேதான். பிரைமரியில் பழமைவாதிகளின் ஓட்டை மெக்கெய்னை எதிர்த்து நின்ற ஹக்கபீயும் ராம்னியும் பிரித்துக்கொண்டார்கள். தென் கரோலினாவில் மெக்கெய்ன் 33 சதவீதம், ஹக்கபீ 30, நடுவில் ஃப்ரெட் தாம்ப்சன் வந்து 16ஐ வாரிக்கொண்டு போனார். ஃப்ளோரிடாவில் வெறும் 36 சதவீதம் வாங்கிய மெக்கெய்னுக்கு வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்கான அந்த மாநிலத்தின் 57 பிரதிநிதிகளும் போய்ச் சேர்ந்தார்கள், ஜெயித்தவனுக்கே எல்லாம் என்று அங்கே விதி. ஓட்டைப் பிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி வாஷிங்டனில் பழமைவாதிகளின் வருடாந்திர மாநாட்டில் ராம்னி விலகுவதாக அறிவித்தார், அதே நாள் அதே மேடைக்கு மெக்கெய்ன் வந்து குடியேற்றம் பற்றி வாயைத் திறந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி 'பூ' (boo) என்று எதிர்ப்புக் கூச்சல் போட்டது. வேட்பாளர் ஆகப்போகிறவருக்கு சொந்த மேடையில் அந்த மரியாதை.

போன வாரம் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க நேரம் கிடைத்தது. டெக்சாஸில் கரையேறிய ஐக் புயலின் மிச்சம் 14ஆம் தேதி எங்கள் பக்கம் வந்தது. மழையே இல்லை, காற்று மட்டும், ஆனால் மரமெல்லாம் சாய்ந்து சின்சினாட்டி வட்டாரமே இருண்டு போனது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வியாழக்கிழமை ஆகிவிட்டது. அங்கே உங்களுக்கு தினமும் மணிக்கணக்கில் கட் என்று புலம்புகிறீர்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொண்டேன். ஃப்ரீசரில் இருக்கும் கறி கெட்டுப்போகுமே என்று தெருவே அடுப்பை வெளியில் போட்டுச் சுட்டது. நான் என் பங்குக்கு ஃப்ரோசன் பரோட்டா பாக்கெட்டைக் கொண்டுபோனேன். கரி அடுப்பில் போட்டால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜெட் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வியட்நாம் போர்க்காலத்தில் கப்பற்படையில் இருந்தவர். அவர் மகள் வீட்டிலும் கரண்ட் இல்லை என்று மருமகனும் நான்கு பிள்ளைகளும் இங்கே வந்து தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிப்பு. அவ்வளவு தீவிரமான பக்தர்கள். மாமனாருக்கும் மருமகனுக்கும் மெக்கெய்னை வைத்து ஒரே சண்டை.

மாமனார் தரப்பு இது: ஹனோய் சிறையில் ஐந்தரை வருடம் கிடந்த ஆள் என்று மெக்கெய்ன் மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் ஓட்டு அதற்காக இல்லை, உச்ச நீதிமன்றத்துக்காக. நீதிபதி ஸ்டீவன்ஸுக்கு 88 வயது, கின்ஸ்பர்க்குக்கு 75. இங்கே உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது அண்ணா, சாகும்வரை அல்லது தானே விலகும்வரை இருக்கலாம். ஜூனில் வந்த துப்பாக்கி உரிமைத் தீர்ப்பு 5க்கு 4 நீதிபதிகள் என்ற கணக்கில்தான். அடுத்த நான்கு வருடத்தில் இரண்டு நாற்காலி காலியானால் அதில் யாரை உட்கார வைப்பது என்பதுதான் தேர்தல், மற்றதெல்லாம் பேச்சு என்கிறார். ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ரிக் வாரன் என்ற போதகர் தன் தேவாலயத்தில் இரண்டு வேட்பாளர்களையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். எந்த நீதிபதிகளை நீங்கள் நியமித்திருக்க மாட்டீர்கள் என்று கேட்டதற்கு மெக்கெய்ன் ஸ்டீவன்ஸ், கின்ஸ்பர்க், சூட்டர், ப்ரையர் என்று தாராளவாதப் பக்கம் நிற்கும் நான்கு பேரின் பெயரைச் சொன்னார். பெரியவருக்கு அது போதும்.

மருமகன் மடக்கியதும் அந்தச் சூட்டரை வைத்தேதான். "சூட்டரை நியமித்தது யார்? நம்ம கட்சி அப்பா புஷ், 1990இல். அவரும் இப்படித்தான் நல்ல நீதிபதி என்று சொன்னார்." பழமைவாதி என்று நம்பி உட்கார வைத்தவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார், அந்தக் காயம் இவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் மருமகன் 1976க்குப் போனார். அப்போது பழமைவாதிகளின் நாயகன் ரீகன் மிதவாதியான ஃபோர்டை எதிர்த்து பிரைமரியில் நின்று தோற்றார், ஃபோர்டு போய் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டரிடம் தோற்றார், நான்கு வருடம் கழித்து ரீகன் வந்தார். "ஃபோர்டு ஜெயித்திருந்தால் 1980இல் ரீகன் ஏது?" என்கிறார். தோல்வியில்தான் கட்சி திருந்தும் என்பது அவர் கணக்கு. அவர் அசைபோடுவது இரண்டு வழி: லிபர்டேரியன் என்ற சிறு கட்சியில் நிற்கும் பாப் பாருக்குப் போடுவது, இல்லையென்றால் ஜனாதிபதி இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றப் பதவிகளுக்கு மட்டும் குத்துவது. நம்ம ஊரில் யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல 49-ஓ கேட்டு அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமே, இங்கே அந்தத் தொல்லை இல்லை, சும்மா விட்டால் போதும்.

"நாலு வருஷம் தோத்து உட்கார்ந்திருக்கலாம், தீர்ப்பு முப்பது வருஷம் நிக்கும்" என்றார் மாமனார். மருமகன் சொன்ன பதில்தான் எனக்கு ராத்திரி வரை ஓடிக்கொண்டிருந்தது. எப்படியும் நாம் வந்து போடுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் நம் ஓட்டுக்கு யார் விலை கொடுப்பார்கள், என்றார்.

அண்ணா, அவர்கள் எடைபோடுவது மெக்கெய்னை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, தங்களைத்தான் எடைபோட்டுப் பார்க்கிறார்கள். ஒபாமாவுக்குப் போடப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும், கட்சிக்கும் தெரியும். வேறு போக்கிடம் இல்லாதவன் கையில் மிச்சமிருக்கும் ஒரே துருப்பு, வராமல் இருந்துவிடுவேன் என்ற மிரட்டல். அதை ஒரு தடவை நிஜமாகவே செய்து காட்டினால்தான் அடுத்த தடவை பயப்படுவார்கள், செய்து காட்டினாலோ கையில் இருப்பதும் போய்விடும். மாமனார் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் ஒவ்வொரு நான்கு வருடமும் அப்படியே பொருந்தும், எப்போதும் யாராவது ஒரு கிழ நீதிபதி இருந்துகொண்டேதான் இருப்பார். எனக்கு மருமகன் பேச்சில்தான் நேர்மை அதிகம் என்று பட்டது. அவர் அரசியல் எனக்கு ஒட்டாது என்பது வேறு விஷயம்.

குடியேற்றத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லவில்லை, நீ முறைப்படி வந்தவன்" என்றார். பரோட்டாவை மென்றுகொண்டு தலையாட்டினேன். க்ரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கிறவனிடம் இதைச் சொல்கிற முதல் ஆள் அவர் இல்லை. எனக்கு ஓட்டும் இல்லை, அதனால் கருத்தும் சொல்லவில்லை.

இந்தச் சண்டையைப் பாதி தீர்த்து வைத்தது சாரா பேலின். அலாஸ்கா கவர்னர், 44 வயது, ஐந்து பிள்ளைகள். துணை ஜனாதிபதி வேட்பாளராக அவரை மெக்கெய்ன் அறிவித்ததே இங்கே பக்கத்தில் டேட்டனில்தான், ஆகஸ்ட் 29. பெரியவரின் மனைவி மார்ச்சில் ஹக்கபீக்குப் போட்டவர், கோடை முழுக்க வீட்டு முன்னால் பிரசார போர்டு வைக்கவே விடவில்லை. இப்போது வைத்திருக்கிறார். மேலே மெக்கெய்ன் பெயர் பெரிதாக இருக்கிறது, அந்தம்மா அதைப் பேலின் போர்டு என்றுதான் சொல்கிறார். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு இருக்கும் என்று தெரிந்தே பேலின் ஏப்ரலில் குழந்தையைப் பெற்றுக்கொண்டார், அதைச் சொல்லும்போது அந்தம்மாவுக்குக் குரல் கம்முகிறது. கொலராடோவில் இருந்து ரேடியோவில் பேசும் கிறிஸ்தவத் தலைவர் ஜேம்ஸ் டாப்சன், பிப்ரவரியில் மெக்கெய்னுக்கு என் ஓட்டு இல்லவே இல்லை என்றவர், பேலின் பெயர் வந்ததும் போடுவேன் என்றுவிட்டார். 9ஆம் தேதி இரண்டு பேரும் பக்கத்து லெபனானுக்கு (ஊர்ப் பெயர்தான், பயப்படாதீர்கள்) வந்தபோது இந்தத் தெருவே காலி.

எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. இவர்கள் கேட்டது வரி, குடியேற்றம், நீதிபதி. கிடைத்தது தங்களைப் போல ஒருவர். துணை ஜனாதிபதியா நீதிபதியை நியமிக்கிறார்? அலாஸ்கா வனவிலங்குச் சரணாலயத்தில் எண்ணெய் தோண்டலாமா என்பதில்கூடப் பேலின் வேண்டும் என்கிறார், மெக்கெய்ன் வேண்டாம் என்கிறார். பேலின் வந்த பிறகு எங்கள் தெருவில் கென்னடி மசோதா பேச்சையே காணோம், மருமகனைத் தவிர. நம்மை மதித்துவிட்டார்கள் என்ற திருப்தி கொள்கையைவிடப் பெரிதாக வேலை செய்கிறது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா, மாவட்டப் பதவி ஒன்றைக் கொடுத்ததும் கூட்டணிக் கோபம் ஆறிப்போனவர்களை நீங்கள் பார்க்காததா.

என் கணிப்பைக் கேட்டால், இந்தத் தெரு ஆட்கள் வந்துவிடுவார்கள். மருமகனும் கடைசியில் மெக்கெய்னுக்கே போட்டுவிட்டு வெளியில் சொல்லாமல் இருப்பார் என்று மாமியார் பந்தயம் கட்டத் தயார். ஆனால் ஓஹாயோ இவர்களால் மட்டும் தீராது. என் ஆபீஸில் இரண்டு தடவையும் புஷ்ஷுக்குப் போட்ட எஞ்சினியர்கள் இருக்கிறார்கள், மெக்கெய்ன் மிதவாதி என்பதாலேயே பிடித்திருந்தவர்கள். பேலினைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலான அன்று நாட்டின் பொருளாதார அடித்தளம் பலமாக இருக்கிறது என்று மெக்கெய்ன் பேசியது அவர்களுக்கு இன்னும் மோசம், எல்லோருடைய ஓய்வுக்காலச் சேமிப்பும் பங்குச் சந்தையில் கிடக்கிறது. மதியச் சாப்பாட்டில் நீதிபதி பேச்சே வருவதில்லை. அதனால் ஒபாமா என்றுதான் எனக்குப் படுகிறது. இதை இந்தத் தெருவில் சொல்லவில்லை, கரண்ட் போனால் மறுபடி அவர்கள் அடுப்புக்குத்தான் போக வேண்டும்.

30ஆம் தேதியிலிருந்தே இங்கே முன்கூட்டி ஓட்டுப் போட ஆரம்பிக்கிறார்கள், முடிவு தீபாவளி முடிந்த மறுவாரம். அண்ணி பலகாரப் பார்சல் அனுப்புவதானால் அதிரசத்தைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், போன தடவை முறுக்கெல்லாம் எண்ணெயில் நனைந்து வந்தது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உங்கள் தம்பி