அலபாமா சட்டம் யாருக்குக் காப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவை உடலுக்கு வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையைக் காக்க அமெரிக்க மாநிலங்கள் இயற்றிவரும் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அலபாமா மாநிலத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குழந்தைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்குக் கிடைத்த வெற்றி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் வசிப்பவளும் இச்சிகிச்சையின் வழியாகவே தாயானவளுமான எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

இந்தச் சட்டம் பிறந்த கதையை அவர் இரண்டே வரியில் கடந்துவிட்டார். 2020 டிசம்பரில் அலபாமாவின் மொபைல் என்னும் நகரத்து மருத்துவமனை ஒன்றில், உறைநிலையில் கருக்களைச் சேமித்திருந்த அறைக்குள் ஒரு நோயாளி எவர் தடையுமின்றி நுழைந்து, சிலவற்றைக் கையில் எடுத்து, கடுங்குளிர் கையைச் சுட்டதும் கீழே போட்டுவிட்டார். கருக்களை இழந்த மூன்று தம்பதியர், சிறாரின் மரணத்துக்குக் காரணமானவர்களிடம் பெற்றோர் இழப்பீடு கோர வழிசெய்யும் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். கருப்பைக்கு வெளியே இருக்கும் கருவும் அச்சட்டத்தின்படி குழந்தையே என்று 2024 பிப்ரவரி 16 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாரத்துக்குள் பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு உள்ளிட்ட பல இடங்களில் சிகிச்சை நிறுத்தப்பட்டது. கருவைக் கருப்பையில் வைப்பதற்கு நாள் குறித்துக்கொண்டு, மாதவிடாய்க் கணக்கும் மருந்துக் கணக்குமாகக் காத்திருந்த பெண்களுக்குத் தொலைபேசியில் ரத்துச் செய்தி போனது. அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பது அதில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 6 அன்று ஆளுநர் கே ஐவி கையெழுத்திட்ட சட்டம் சிகிச்சையை மீண்டும் தொடங்க வைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால், கருவுக்குச் சேதமோ இறப்போ நேர்ந்தால் இச்சிகிச்சையை அளிப்பவர் மீதும் பெறுபவர் மீதும் வழக்கோ குற்ற நடவடிக்கையோ கூடாது என்றுதான் அது சொல்கிறது. கருவுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. தீர்ப்பு அப்படியே நிற்கிறது. சிகிச்சைக்கான பொருள்களைத் தயாரிப்பவர்கள் தர வேண்டிய இழப்பீட்டையும், பாதிக்கப்பட்ட அந்த ஒரு சுற்றுச் சிகிச்சைக்குச் செலுத்திய தொகைக்குள் புதிய சட்டம் அடக்கிவிட்டது. முன்பே நீதிமன்றத்தில் இருந்த வழக்குகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், நாளைக்கு இன்னொரு மருத்துவமனையில் இதே அறை திறந்துகிடந்து இதே இழப்பு நேர்ந்தால், அந்தத் தம்பதியர் எந்த வாசலில் போய் நிற்பார்கள்? கவனக்குறைவுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட விலக்கை நோயாளியின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

எங்கள் மாநிலத்தில் 2025 மே மாதம் ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்ட சட்டம் மிகச் சிறியது. ஆனாலும் இச்சிகிச்சையைப் பெறுவது தனிமனிதரின் உரிமை என்று அது எழுதிவைத்துவிட்டது. இங்கே அது எளிதாகவும் இருந்தது. பிறவாக் குழந்தையைச் சட்டப்படி ஒரு நபராகக் கொள்ளும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமே, ‘கருப்பையில் சுமக்கப்படும்’ என்று எல்லை வகுத்திருந்ததால், உறைகலனில் இருக்கும் கரு அந்த வரையறைக்குள் வரவில்லை.

செலவைப் பற்றி இந்த இரண்டு சட்டங்களும் பேசவில்லை. மாசசூசெட்ஸ் 1987-லேயே குழந்தையின்மைச் சிகிச்சைக்கான செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று சட்டமியற்றியது. ஆயினும், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்கும் பெருநிறுவனங்களின் திட்டங்கள் 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநிலத்தின் இத்தகைய ஆணைகள் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. இங்கே மென்பொருள் வேலையில் இருக்கும் நம்மவர் பலர், மாநிலச் சட்டத்தை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கிய பிறகே இதை அறிகிறார்கள். கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது இந்தப் பகுதியை விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அட்லாண்டா